கல்யாணச் சதை

லோகநாயகிக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால், அதைத் தீர்க்க ஆண்டவனே நேரில் வந்தாலும் அவரிடம் ஆதார் கார்டு கேட்பாள். பால்காரர் தண்ணீர் கலக்கிறார், சிலிண்டர் போடுகிறவன் எடையில் கை வைக்கிறான், எதிர்வீட்டு நாய்கூடத் தெருவில் நூறு பேர் போனாலும் தன்னைப் பார்த்துத்தான் குரைக்கிறது. இப்படிப்பட்டவள், வந்து ஒன்பதே மாதம் ஆன மருமகளை மட்டும் சும்மா விட்டுவிடுவாளா?

விஷயம் சாம்பாரில் ஆரம்பித்தது. புதுப்பட்டினம் பஜாருக்குப் பின்தெருவில் இருந்த அந்த மாடி வீட்டில் அதுவரை லோகநாயகியின் கைதான் சமையல். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் மருமகள் ஸ்வாதி, "இனிமே சமையல நான் பாத்துக்கறேன் அத்தை" என்று கரண்டியை வாங்கிக்கொண்டாள். வாங்கியவள் உப்பை மறந்துவிட்டாள். ஒரு நாள் மறந்தால் சரி, மனுஷி. தினமுமா மறப்பாள்? அப்பளம் போயிற்று, ஊறுகாய் ஜாடி போயிற்று, சதுரங்கப்பட்டினத்தில் சொல்லி வைத்து வாங்கிய நெத்திலிக் கருவாடு பொட்டலம் பிரிக்காமல் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று லோகநாயகி ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். "பழகிக்குங்க அத்தை, உடம்புக்கு நல்லது" என்றாள் ஸ்வாதி. யார் உடம்புக்கு? அதைத்தான் அவள் சொல்லவில்லை.

கேட்டதற்குப் பதில் வராத இடத்தில்தான் லோகநாயகியின் மூளை வேலை செய்ய ஆரம்பிக்கும்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாத்ரூம் கதவுக்குப் பின்னால் ஐந்து லிட்டர் வெள்ளைக் கேன் ஒன்று உட்கார்ந்திருந்தது. மேலே ஸ்வாதியின் பழைய துப்பட்டா. இவள் கையை நீட்டியதும் சமையலறையிலிருந்து குரல் வந்தது: "அதத் தொடாதீங்க அத்தை, ஆசிட்." ஆசிட்டுக்குத் துப்பட்டா போர்த்துகிற வீட்டை லோகநாயகி அதுவரை பார்த்ததில்லை. மருமகள் குளிக்கப் போகாமல் இருக்க மாட்டாளா, பால் பொங்கினால் ஓடாமல் இருக்க மாட்டாளா! சமயம் பார்த்து மூடியைத் திறந்து முகர்ந்தாள். ஆசிட் இல்லை. மூத்திரம். சீச்சீ என்று கையைக் கழுவிவிட்டு வந்தாள். மருமகளுக்கு என்னமோ வியாதி என்று மனசில் குறித்துக்கொண்டாள், ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் ஸ்வாதி அந்தக் கேனைக் கட்டைப்பையில் வைத்து, ஆபீஸ் பையோடு பையாகத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

பிறகு மாமல்லபுரம். புருஷனும் பெண்டாட்டியும் ரெண்டு நாள் ரூம் போட்டுத் தங்கப் போகிறோம் என்று கிளம்பினார்கள். இதோ இருக்கிறது மாமல்லபுரம், அரை மணி நேரம் பஸ்ஸில் போனால் வந்துவிடும், அதற்கு எதற்கு ரூம்? சிறிசுகள், போகட்டும் என்று விட்டாள். திரும்பி வந்த மகன் நிதின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியேறினான், ரெண்டு நாள் மல்லாந்தே படுத்துக் கிடந்தான். லோகநாயகி என்னத்தையோ நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள். அந்த வாரம் காலி சிலிண்டரை அவன் தொடக்கூட ஸ்வாதி விடவில்லை, புதுசைத் தானே உருட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். நோயாளிப் பெண் சிலிண்டரை உருட்டுவாளா என்று அன்றைக்கே யோசித்திருக்கலாம். ஆனால் சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு குணம் உண்டு. வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்வார்கள், மற்றது கண்ணிலேயே படாது.

நிதின் ஒருத்தன்தான் அவளுக்கு ஆறுதல். முருங்கைக்காயாட்டம் இருந்த பிள்ளைக்குக் கன்னம் ரெண்டும் பன் போல உப்பி, கழுத்தில் மடிப்பு விழுந்து, முகமே வட்டமாகிவிட்டது. பசி பசி என்று பறந்தான். அந்த உப்பில்லாத சாம்பாரையே மூன்று தடவை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டான். கீழ் வீட்டுக்காரி, "இன்னா லோகா, உன் புள்ள கல்யாணச் சதை போட்டுகினான்! மாமியார் வூட்டு விருந்து பலமோ?" என்று கேட்டபோது லோகநாயகிக்குத் தலை கால் புரியவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் உப்பும் மிளகாயும் சுற்றித் திருஷ்டி கழித்தாள். அந்த வீட்டில் உப்பு அதற்காவது பயன்பட்டது. முன்னே இல்லாத எரிச்சல் அவனுக்கு வந்திருந்தது. ஒரு வார்த்தை கேட்டால் வள்ளென்று விழுந்தான். அதையும் அவள் மருமகள் கணக்கிலேயே எழுதிக்கொண்டாள்.

கடைசியில் மருமகளின் ஆபீஸ் பையில் கை வைத்தே விட்டாள். தப்புதான், அவளுக்கே தெரியும். உள்ளே ஒரு சின்ன டப்பா நிறைய மாத்திரை. அடியில் காலி அட்டை ஒன்று கிடந்தது. அதை மட்டும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு பஜாரில் ஆல்வின் மருந்துக் கடைக்குப் போனாள்.

ஆல்வின் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இது யாருக்கும்மா?"

"சொந்தத்துல ஒரு பொண்ணுக்கு."

"கிட்னிக்குக் குடுக்கறது. நம்ம ஒடம்புல எதிர்ப்பு சக்தின்னு ஒண்ணு கீதில்ல, நோய் வந்தா அடிச்சித் தொரத்தறதுக்கு? செல பேருக்கு அது புத்தி மாறிப் போயி சொந்தக் கிட்னியவே அடிக்க ஆரம்பிச்சிரும். கிட்னி வீங்கிப்பூடும். சத்தெல்லாம் மூத்திரத்துலயே போயிரும், பிரஷர் ஏறும். அந்த அடிய நிறுத்தறதுக்குத்தான் இந்த மாத்திர." அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "கல்யாணம் ஆன பொண்ணா? இத சாப்புட்டுகினு கொழந்த பெத்துக்கக் கூடாது. டாக்டர் சொல்லியிருப்பாரு, நீயும் சொல்லி வையி."

லோகநாயகி அட்டையை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டாள். கேன், சாம்பார், மாத்திரை, எல்லாம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நின்றன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பெண்ணைக் கட்டி வைத்துவிட்டார்கள்! அவளுக்கு இருப்பது ஒரே பிள்ளை. புருஷன் ராகவன் எட்டு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்ததிலிருந்து அந்த ஒரு பிள்ளைதான் உலகம். அவன் ஒரு குழந்தை இல்லாமல், நோயாளிப் பெண்டாட்டிக்காக ஆயுசு முழுக்க ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வேண்டுமா?  வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் காஞ்சிபுரத்துக்குப் போன் போட்டு, ஸ்வாதியின் அப்பா திருவேங்கடத்தை ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாள். பெண்ணை அவரோடு அனுப்பிவிடுவது என்று அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

திருவேங்கடம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் திருத்தாமல் விடாத ஆள். அவர் வந்து உட்கார்ந்து காப்பியை வாயில் வைப்பதற்குள் லோகநாயகி அந்தக் காலி அட்டையை டீப்பாய் மேல் போட்டாள். நிதினும் ஸ்வாதியும் அதைப் பார்த்து ஒரே நேரத்தில் வெளிறிப் போனார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று லோகநாயகி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"சம்மந்தி, உங்கள மதிச்சித்தான் வூட்டுக்குள்ள வச்சிப் பேசறேன். உங்க பொண்ணுக்குக் கிட்னில வியாதி கீது. தெரிஞ்சேதான் என் புள்ள தலையில கட்டினீங்களா?"

திருவேங்கடம் டம்ளரைக் கீழே வைத்தார். "என்னம்மா ஸ்வாதி இது?"

ஸ்வாதி அப்பாவைப் பார்க்கவில்லை. புருஷனைத்தான் பார்த்தாள். "நாலு மாசம் உங்களுக்காக வாய மூடிக்கிட்டு இருந்தாச்சு. இன்னிக்கு நீங்களே சொல்லுங்க."

நிதின் அட்டையைக் கையில் எடுத்தான். "மாத்திரை எனக்கும்மா."

"இன்னாடா உளர்றே?"

"எனக்குத்தான். ஆபீஸ்ல ஒரு நாள் மண்டை வெடிக்கற மாதிரி தலைவலி. பிரஷர் பாத்தா நூத்தி எழுவது. டெஸ்ட் எடுத்தா யூரின்ல புரோட்டீன் போவுது. அந்தக் கேன் என்னுது, ஒரு நாள் முழுக்கப் போறத சேத்துப் பிடிச்சிக் குடுக்கச் சொன்னாங்க. நாங்க மாமல்லபுரம் போவல, ஆஸ்பத்திரில முதுகு வழியா ஊசி விட்டுக் கிட்னிலருந்து துளி சதை எடுத்துப் பாத்தாங்க." அவன் தன் கன்னத்தைக் கிள்ளிக் காட்டினான். "இது மாத்திர ஊதி வச்சதும்மா. கல்யாணச் சதை இல்ல. ரெண்டு கிட்னியும் சேந்து பாதிதான் வேலை செய்யுது."

லோகநாயகி அந்தக் கன்னத்தையே பார்த்தாள். வெள்ளிக்கிழமைதோறும் அந்த முகத்தைச் சுற்றித் திருஷ்டி கழித்தாளே! ஊரெல்லாம் பெருமை பேசினாளே!

"ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"அப்பா போனப்பவே நீ பாதியாயிட்ட. மீதியும் போயிடுமோன்னு பயந்தேன். இவதான் சொல்லிடலாம் சொல்லிடலாம்னு சொல்லிக்கினே இருந்தா. நான்தான் சத்தியம் வாங்கி வச்சேன்."

அந்த இடத்தில் லோகநாயகி மருமகளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.  அதற்குள் வாத்தியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எப்பலேருந்து மாப்பிள்ளை?"

"நாலு மாசமாத்தான் தெரியும் மாமா."

"தெரிஞ்சது நாலு மாசம். வந்தது எப்ப?"

நிதினை முந்திக்கொண்டு ஸ்வாதி சொன்னாள்.  "டாக்டர் எங்கிட்ட சொன்னாருப்பா. கிட்னில இருக்கற தழும்பெல்லாம் பழசாம். அஞ்சாறு வருஷமாவது இருக்கும், அப்பவே யூரின் டெஸ்ட்ல காட்டியிருக்கும்னாரு. நான் தினம் இவர ஒரே ஒரு கேள்விதான் கேக்கறேன். கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா? வியாதி வந்தா நான் பாத்துக்கறேன். உப்பில்லாம நானும் சாப்படறேன். கொழந்த ரெண்டு வருஷம் கழிச்சிப் பொறக்கட்டும். ஆனா மறைச்சிக் கட்டியிருந்தா, அத என்னால தாங்க முடியாது."

அப்படியானால் இந்த வீட்டில் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தது தான் ஒருத்தி மட்டும் இல்லை. அவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டு இவளும் நாலு மாதமாக உள்ளுக்குள் புழுங்கியிருக்கிறாள்.

"தெரியாது ஸ்வாதி! எத்தினி தடவ சொல்றது?" நிதின் எழுந்து போய் பீரோவிலிருந்து ஒரு பைலைக் கொண்டுவந்தான். அதிலிருந்து ஒரு தாளை உருவி மாமனார் முன்னால் வைத்தான். "வேலைக்குச் சேரும்போது கம்பெனி எடுக்கச் சொன்ன மெடிக்கல் டெஸ்ட். ஆறு வருஷத்துக்கு முந்தினது. காலைல மொத யூரின வூட்லருந்து பாட்டில்ல பிடிச்சி, செங்கல்பட்டு லேப்ல நானே கொண்டு போய்க் குடுத்தேன். படிச்சிப் பாருங்க மாமா. புரோட்டீன் இல்ல, ரத்தம் இல்ல, ஒண்ணுமே இல்ல. அப்ப நல்லாத்தான் இருந்தேன்!"

திருவேங்கடம் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேலும் கீழும் பார்த்தார், முத்திரையைத் தடவிப் பார்த்தார். லோகநாயகியும் அந்தத் தாளைப் பார்த்தாள். 

அந்தக் காலை அவளுக்கு அப்படியே கண்ணுக்குள் வந்தது. ராகவன் போய் ரெண்டு வருஷம். அவர் வேலையில் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸைக் காலி செய்து வந்து, பிள்ளைக்கு ஒரு வேலை கிடைக்காதா என்று கோவில் கோவிலாக அலைந்த நேரம். வேலை வந்தது, மெடிக்கல் டெஸ்ட்டும் வந்தது. தெரிந்தவர் பையன் ஒருத்தன் சர்க்கரை இருக்கிறது என்று திரும்பி வந்திருந்தான். இவளுக்குப் பொறுக்குமா? எதற்கும் முன்கூட்டியே பார்த்துக்கொள்வோம் என்று நிதினிடம் மூத்திரம் வாங்கிப் பக்கத்து லேபில் கொடுத்தாள். புரோட்டீன் மூன்று பிளஸ், ரத்த அணுக்கள் என்று வந்தது. "டாக்டரப் பாருங்கம்மா" என்று லேப் பையன் சொன்னான். வெயிலில் அலைகிறான், உடம்புச் சூடுதான் என்று இவள் தனக்குத் தானே வைத்தியம் பார்த்துக்கொண்டாள். ரிப்போர்ட்டைக் கிழித்து அடுப்பில் போட்டாள். "எல்லாம் நல்லா கீதாம்பா" என்று பிள்ளையிடம் சொன்னாள். டெஸ்ட் அன்று காலையில் அவன் ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அவன் பிடித்து வைத்திருந்த பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தாள். கழுவி, தன்னுடையதைப் பிடித்து மூடி வைத்தாள். ஒரு மாதம் இளநீரும் பார்லித் தண்ணியும் கொடுத்தாள். பிள்ளை திடமாக வேலைக்குப் போனான். சூடு தணிந்துவிட்டது என்று நினைத்தாள். பிறகு மறந்தே போனாள். சத்தியமாக மறந்தே போனாள்.

"மாப்பிள்ளை, வாத்தியாருக்குக் கணக்கு சுலபம்" என்றார் திருவேங்கடம், தாளை மேசைமேல் வைத்தபடி. "டாக்டர் பாத்தது உங்க சதைய. அது பொய் சொல்லாது. அப்ப இந்தத் தாள்தான் பொய் சொல்லுது. இந்தக் காலத்துல எந்த ரிப்போர்ட்டையும் வாங்கலாம்."

"நான் வாங்கல மாமா!"

"உண்மை தெரியற வரைக்கும் என் பொண்ணு எங்க வீட்ல இருக்கட்டும். ஸ்வாதி, துணிய எடுத்து வைம்மா."

ஸ்வாதி எழுந்தாள். நிதின் அவள் கையைப் பிடிக்கப் போனான், பிடிக்காமல் நிறுத்திக்கொண்டான். பயம் அவன் கண்ணில் அப்பட்டமாகத் தெரிந்தது. இந்தப் பெண் போய்விட்டால் அவன் மாத்திரையும் போடமாட்டான், சாப்பிடவும் மாட்டான் என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

இதற்காகத்தானே வாத்தியாரை வரச் சொன்னாள்? மருமகள் துணி எடுத்துவைக்க உள்ளே போகிறாள். லோகநாயகி ஒன்றும் செய்ய வேண்டாம், வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும். பாட்டில் விஷயம் இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. தன்னோடு மண்ணுக்குள் போய்விடும். ஆனால் பிள்ளை ஆயுசுக்கும் பொய்யனாக நிற்பான். அவன் பொய் சொன்னதில்லை. இந்த வீட்டில் பொய் சொன்னது யார் என்று அவளுக்கு மட்டுந்தான் தெரியும்.

"போவாதம்மா ஸ்வாதி" என்றாள்.

ஸ்வாதி படுக்கையறைக் கதவில் கை வைத்தபடி நின்றாள்.

"அவன் மேல தப்பில்ல. அவனுக்கு ஒண்ணும் தெரியாது. அந்த பாட்டில்ல இருந்தது என் மூத்திரம்."

யாருக்கும் முதலில் விளங்கவில்லை. அவள் ஆதியோடு அந்தமாகச் சொன்னாள். பக்கத்து லேப், மூன்று பிளஸ், அடுப்பு, சாக்கடை, இளநீர்.  "வேலை போயிடுமேன்னு பயந்துட்டேன்டா. சூடுன்னுதான் நெனச்சேன். வேற எதுவும் எனக்குத் தெரியாதுடா கண்ணு" என்று முடித்துவிட்டுச் சேலைத் தலைப்பில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

திருவேங்கடம் எதையும் திருத்தவில்லை. ஸ்வாதி கதவை விட்டு வந்து நிதின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் கையைத் தானே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஸாரிங்க" என்று அவனிடம் மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். அவள் இனி எங்கேயும் போகப்போவதில்லை என்று லோகநாயகிக்குப் புரிந்தது. நிம்மதியாகக்கூட இருந்தது.

நிதின் அந்தப் பழைய தாளை எடுத்துப் பைலில் வைத்து மூடினான்.

"டாக்டர் கேட்டாரும்மா" என்றான் பிறகு. கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். வெறுமனே சொன்னான். "ஆரம்பத்துலயே ஒரு சாதா யூரின் டெஸ்ட் எடுத்திருந்தா, பிரஷர் மாத்திரையோட இவ்ளோ தூரம் வராமயே நிறுத்திப் பாத்திருக்கலாமேப்பா, ஏன் எடுக்கலன்னு. எடுத்தேன் சார், நல்லா இருந்திச்சு, நீங்கதான் தப்பா சொல்றீங்கன்னு அவரோட சண்ட போட்டேன். கத்தினேன்."

"நிதினு..."

"செவ்வாக்கெழம போவணும். நீயும் வா. அவருகிட்ட நீயே சொல்லு."

"வரேம்பா. கால்ல விழுந்து சொல்றேன்." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டாள். "மிச்சம் கீற பாதி நிக்குமில்லடா? ஒண்ணும் ஆவாதில்ல?"

நிதின் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தான். அந்த வட்ட முகத்தில் அவள் பிள்ளையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

"அதையும் அவருகிட்டயே கேளு" என்றான்.